மழையே இல்லாமல் ஒழுகும் கூரை

கனடாவின் சட்பரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "போன வருஷம் தகரக் கூரை போட்டோம். ஜனவரி முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. பெப்ரவரியில் ஒருநாள் நல்ல வெயில். அன்றைக்கென்று பார்த்து சீலிங்கில் தண்ணி சொட்டுது! கூரை போட்டவர் வந்து பார்த்துவிட்டு ஓட்டையே இல்லை என்கிறார். சொட்டுவது ஈசானிய (வடகிழக்கு) மூலை, அதனால் வாஸ்துக் குற்றம் என்கிறார் தெரிந்த ஒருவர். யாரை நம்புவது?"

கூரை போட்டவரை நம்புங்கள். அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை. நீங்கள் குளித்ததும், புட்டு அவித்ததும், குடும்பமே தூங்கும்போது மூச்சில் விட்டதும்தான் அது.

20 டிகிரி வெப்பத்தில், 40 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 7 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 20க்குக் குளிர்ந்தால் அதே காற்றால் 1 கிராம்தான் தாங்க முடியும். மீதி 6 கிராம் எதிலாவது படிந்தாக வேண்டும். சூடான காற்று மேலே ஏறி, லைட்டுக்கும் ஒயருக்கும் குழாய்க்கும் சீலிங்கில் போட்ட துளைகளின் ஓரமாக, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அட்டிக்குக்குள் புகுந்துவிடும். மணிக்கு 10 கன மீட்டர் கசிந்தால்கூட ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் மேலே போகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். ராத்திரியில் அந்தத் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காற்று மைனஸ் 20 என்றால் தகரம் மைனஸ் 25. எப்படி? மார்கழியில் பைக்கைத் திறந்த வெளியில் விட்டுப் பாருங்கள், காலையில் சீட் நனைந்து கிடக்கும். அதையே வேப்பமரத்தடியில் நிறுத்தினால் காய்ந்திருக்கும். பனி மேலிருந்து "பெய்கிறது", மரம் குடை பிடிக்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814லேயே அதை உடைத்துவிட்டார். நாலு கால் வைத்த ஒரு பலகை. அதன் மேல்பக்கம் 10 கிரெய்ன் (அந்தக் காலத்துச் சின்ன எடை அளவு) கம்பளி இழை, அடிப்பக்கம் இன்னொரு 10 கிரெய்ன். தெளிந்த வானம் உள்ள ஒரு ராத்திரி வெளியே வைத்து எடை போட்டார். மேலே இருந்தது 14 கிரெய்ன் ஈரம் குடித்திருந்தது. ஆனால் அடியில் இருந்ததும் 4 கிரெய்ன் குடித்திருந்தது! மேலிருந்து பெய்வதாக இருந்தால் பலகைக்கு அடியில் எப்படி நனையும்? பொருள்கள் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டுக் குளிர்கின்றன, அதனால் பக்கத்துக் காற்றின் ஈரம் அவற்றில் படிகிறது என்றார் வெல்ஸ். வேப்பமரம் திருப்பி வெப்பம் தரும், வெறும் வானம் தராது. குளிர்நாட்டின் வறண்ட, மேகமில்லாத வானமோ மகா கஞ்சன்.

இப்போது தகரத்துக்கு வாருங்கள். அரை மில்லிமீட்டர்தான் கனம், வெப்பத்தைச் சேமிக்க இடமில்லை. பெயின்ட் அடித்த தகரம் பளபளக்கும் வெறும் தகரத்தைவிட அதிகமாகவே கதிர்வீசும். அதன் மேல் கொட்டிய பனி (ஸ்னோ) கிடந்தாலாவது கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும். ஆனால் பனி வழுக்கி விழட்டும் என்றுதானே தகரமே போடுகிறோம்!

அடிப்பக்கத்தில் நீராவி துளியாகக்கூட மாறாமல் நேராக உறைபனியாகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் துருத்தி நிற்கும் ஒவ்வொரு ஸ்க்ரூ முனையிலும் வெள்ளைப் பூஞ்சை முளைத்த மாதிரி இருக்கும். பாட்டி அரிசிப் பானையில் போடும் சிறுவாடு மாதிரி வாரக்கணக்கில் சேர்ந்து, ஒரு வெயில் நாளில் மொத்தமாக வெளியே வரும். பலகைக் கூரையானால் மரம் கொஞ்சம் குடித்து வைத்துக்கொள்ளும். தகரம் ஒரு சொட்டும் குடிக்காது.

வாஸ்துக்காரர் சொன்ன மூலையில் ஒரு உண்மை உண்டு. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சரிவில் வெயில் படாது. தெற்கே அவ்வப்போது உருகிக் காயும், வடக்கே சேர்ந்துகொண்டே போகும். பரிகாரத்துக்குக் கொடுக்கும் காசில் நல்ல தெர்மாமீட்டரே வாங்கலாம்.

"அட்டிக்கில் மின்விசிறி வைத்துக் காற்றை வெளியே தள்ளட்டுமா?" என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். அது வெளிக்காற்றை மட்டும் இழுக்காது, சீலிங் துளைகள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்றையும் உறிஞ்சும். இறவாரத்திலும் முகட்டிலும் விசிறி இல்லாத காற்றுவழிகள் இருந்தால் போதும். அவற்றின் மொத்தத் திறப்பு சீலிங் பரப்பில் 300ல் ஒரு பங்கு என்பது கனடாவின் பொது விதி. அந்தக் கணக்கு 1942லேயே அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் விதிகளில் ஏறிவிட்டது. கூரை ஒழுகலை ஆராய்கிறேன் என்று போய் நின்றால் யார் பணம் தருவார்கள்? கனடா 1947லேயே கட்டட ஆராய்ச்சிக்கென்று தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஒரு பிரிவு தொடங்கியது. 1960 முதல் அவர்கள் வெளியிட்ட சிறு கட்டுரைகளை இன்றைக்குப் படித்தாலும் பயன் இருக்கிறது. விண்கலத்துக்குக் கைதட்டும் நாம் இதற்கும் கொஞ்சம் தட்டலாம்.

முதல் வேலை துளைகளை அடைப்பது. எங்கே என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. அட்டிக்கில் ஏறி, குளிரைத் தடுக்க சீலிங்கின் மேல் பரப்பியிருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சில் கறுத்த இடங்களைத் தேடுங்கள். காற்று கசியும் இடத்தில் பஞ்சு வடிகட்டியாகித் தூசியைப் பிடித்து வைத்திருக்கும். இதை எழுதி அனுப்பிய மூன்றாம் நாள் வாசகரிடமிருந்து ஒரு படம் வந்தது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய், கூரையைத் தாண்டாமல், பஞ்சின் மேலேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நேர் மேலே, வடக்குத் தகரத்தில், கைப்பிடி கனத்துக்கு உறைபனி.