அப்டேட் செய்யும் முன் அந்தச் சின்னக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பெங்களூரில் சிறு டெஸ்க்டாப் மென்பொருள்கள் எழுதி வெளியிடுவது என் தொழில். வாங்கியவர்கள் சிக்கலில் மாட்டும்போது போன் எடுப்பதும் அதில் சேர்த்திதான். அவற்றில் ஒன்று வீட்டு வீடியோக்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் செயலி. எந்த வருடம், யார் வீட்டு விசேஷம், படத்தில் யார் யார் என்று குறிப்பு எழுதி வைக்கலாம். பெயரைத் தட்டினால் அந்த ஆள் வருகிற வீடியோ எல்லாம் வந்து நிற்கும். இதைப் பயன்படுத்தும் குடும்பங்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “வீடியோ எல்லாம் டி டிரைவுல பத்திரமா இருக்கு சார். சி டிரைவை மட்டும்தான் ஃபார்மேட் பண்ணச் சொன்னோம்.”

வீடியோ பத்திரமாகத்தான் இருக்கும். போனது குறிப்புகள். மினி டிவி கேசட்டிலிருந்து எடுத்த ஒரு மணி நேரப் பதிவு சுமார் 13 ஜிபி. அதனால் எல்லோரும் வீடியோவுக்குத்தான் தனி ஹார்டு டிஸ்க் வாங்குகிறார்கள். பல வருடங்களாக உட்கார்ந்து எழுதிய பெயர்களும் தேதிகளும் சில எம்பி அளவுள்ள ஒரே கோப்பில் அடங்கிவிடும். விண்டோஸில் அது பெரும்பாலும் சி டிரைவில், உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா என்ற இடத்தில் இருக்கிறது. அந்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஃபார்மேட் செய்து தரும் பையனுக்கு அது அங்கே இருக்கிறது என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? மென்பொருளை மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். 1994 கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் சித்தப்பாவின் பெயரைச் சொன்ன பாட்டி இப்போது இல்லை என்றால், அந்தக் குறிப்பை மறுபடி எழுத யாராலும் முடியாது.

அப்டேட்டும் இதே கோப்பைத்தான் தொடுகிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை. புதுப் பதிப்பு வந்தால் பழைய செயலி போய்ப் புதுச் செயலி வரும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். பெரிய மாற்றம் உள்ள பதிப்பு முதல் முறை திறக்கும்போது உங்கள் குறிப்புக் கோப்பையே புது அமைப்புக்கு மாற்றி எழுதும். எழுதி முடித்த பிறகு பழைய பதிப்பால் பெரும்பாலும் அதைப் படிக்க முடியாது. “புதுசு பிடிக்கலை, பழையதையே போட்டுக்கலாம்” என்று திரும்பினால் வெறும் திரைதான் தெரியும். ஆகவே அப்டேட்டுக்கு முன் அந்தக் கோப்பை வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். பழைய பதிப்பின் செட்டப் கோப்பையும் கூடவே வையுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் திரும்பி வர வழி.

நகல் எடுக்கும்போது செயலியை முழுதாக மூடிவிடுங்கள். இப்படிப்பட்ட செயலிகள் பல எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துகின்றன. உங்கள் போனிலும் பிரவுசரிலும் இருப்பது அதுதான். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக எழுதியவை முதன்மைக் கோப்பில் சேராமல், பக்கத்தில் இருக்கும் ஒரு துணைக்கோப்பில் காத்திருக்கலாம். அப்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகல் எடுத்தால் கடைசியாக எழுதியவை விட்டுப்போகும். மூடினாலே பெரும்பாலும் எல்லாம் ஒன்று சேர்ந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஃபோல்டரையே மொத்தமாக நகல் எடுங்கள், அதிக இடம் பிடிக்காது. இன்னொன்று: புதியதைப் போடுவதற்காகப் பழையதை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். சில செயலிகள் போகும்போது உங்கள் தரவையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். அந்த டிக்கைப் படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளை எல்லாம் டிஜிட்டலாக மாற்றி ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, அதைப் பீரோவில் பூட்டி வைப்பவர். அவர் பயன்படுத்தியது வேறு ஒருவருடைய செயலி. டிஸ்க்கை மாட்டாமலேயே அப்டேட் செய்திருக்கிறார். புதுப் பதிப்பு திறந்ததும் எல்லா வீடியோவையும் தேடியிருக்கிறது. டிஸ்க் இல்லாததால் ஒன்றும் கிடைக்கவில்லை. வீடியோவே இல்லை என்று முடிவு செய்து குறிப்புகளை நீக்கிவிட்டது. “தம்பி, புதுசு போட்டேன், ஒண்ணுமே காணோம்பா” என்று போன். “ஐயா, அந்த ஆப்பை இனிமே திறக்காதீங்க, நான் வர்றேன்” என்றேன். நல்ல வேளையாக ஒரே ஒரு முறைதான் திறந்திருந்தார். அந்தச் செயலி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முந்தைய கோப்பை ஒரு நகல் எடுத்து வைக்கும், ஆனால் ஒரே ஒரு நகல்தான். இன்னொரு முறை திறந்திருந்தால் நல்ல நகலின் மேல் காலியான கோப்பு ஏறியிருக்கும். அந்த நகலை வெளியே எடுத்து, டிஸ்க்கை மாட்டி, பழைய பதிப்பில் திறந்ததும் குறிப்பெல்லாம் திரும்பி வந்தது. ஏதாவது காணாமல் போனதாகத் தெரிந்தால் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதுதான் மனித இயல்பு. அதைத்தான் செய்யக் கூடாது.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு தொல்லையும் இருக்கிறது. ‘தீபாவளி 2004’ ஃபோல்டர் வருகிறது, பக்கத்தில் இருந்த ‘பொங்கல் 2004’ வரவில்லை என்பார்கள். ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும். யூனிகோடில் ‘பொ’ எழுத இரண்டு வழி உண்டு: ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் டிஸ்க்குகள் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸ் வந்தபடியே வைத்துக்கொள்ளும். மேக்கிலிருந்து விண்டோஸுக்கு மாறும் வீட்டில் ஒகர, ஓகார, ஔகார எழுத்துள்ள பெயர்கள் மட்டும் காணாமல் போவது இதனால்தான். ஃபோல்டருக்கு அதே பெயரை மறுபடி தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். செயலி எழுதுகிறவர்கள் பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில வரி வேலைதான், ஆனால் ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது.

அப்டேட்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றப் பலரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் நல்ல, இலவச மென்பொருள். 2017 மே 2 முதல் 6 வரை அதன் டவுன்லோடு சர்வர்களில் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் பதிப்பை மாற்றி, புரோட்டான் என்ற உளவு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து எடுத்தவர்களுக்கும் அது வந்திருக்கலாம். அப்போது உதவியது எஸ்.எச்.ஏ. என்ற கைரேகை எண். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். உருவாக்கியவர் தன் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிடுங்கள். அதே சர்வரில் போட்டிருக்கும் எண்ணை நம்பிப் பயனில்லை, வேறு இடத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். கடைக்காரர் பென் டிரைவில் வைத்திருக்கும் செட்டப், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செட்டப், இவற்றுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம், தொடவே தொடாதீர்கள்.

விண்டோஸில் நீல நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்து நிறுத்தும், அதைப் பார்த்துப் பயந்து போன் செய்பவர்கள் உண்டு. புதிதாக வெளியான, இன்னும் அதிகம் பேர் டவுன்லோடு செய்யாத செயலிகளுக்கும் அது வரும். ‘மேலும் தகவல்’ என்பதை அழுத்தினால் வெளியிட்டவர் பெயர் தெரியும். அங்கே உங்களுக்குத் தெரிந்த பெயர் இருக்கிறதா, ‘அன்னோன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெளியிட்டவரை அடையாளம் காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததெல்லாம் வைரஸ் என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஜூன் முதல் கையொப்பச் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது; மேக் செயலிக்குக் கையொப்பம் வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். தனியாளாக இலவசச் செயலி தருகிறவர்களுக்கு இது சின்னச் செலவு இல்லை. அப்படிப்பட்ட செயலியைப் போடத்தான் வேண்டும் என்றால், கைரேகை எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

சரி, இத்தனை பயம் இருந்தால் அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமே என்றால், அதுவும் ஆபத்துதான். சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் விண்ரார் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. அது தானாக அப்டேட் ஆகாது. அதற்குள் சுமார் 19 வருடங்களாக இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை 2019-இல்தான் வெளியே தெரிந்தது. 2023-இல் இன்னொன்று வந்து 6.23 பதிப்பில் அடைத்தார்கள். ஒருமுறை போட்டுவிட்டு மறந்தவர்களுக்கு அது போய்ச் சேரவேயில்லை. வீடியோ செயலிகளுக்கும் இது பொருந்தும். படங்களையும் வீடியோக்களையும் பிரித்துப் படிக்கும் நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, நாங்கள் எழுதுவதில்லை, எடுத்துச் சேர்க்கிறோம். 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைப் படிக்கும் நூலகத்தில் பெரிய ஓட்டை தெரியவந்தபோது, அதைச் சேர்த்திருந்த எல்லாச் செயலிகளும் புதுப் பதிப்பு விட வேண்டியிருந்தது. ‘சிறு திருத்தங்கள்’ என்று மட்டும் போட்டிருக்கும் அப்டேட்டில் இப்படி ஒன்று ஒளிந்திருக்கலாம்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 7-இல் ஓடிய கடைசிக் குரோம் 109. பல சிறு செயலிகளுக்கு அடித்தளமாக இருக்கும் எலெக்ட்ரானும் 23-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டையும் விட்டுவிட்டது. உங்கள் கணினியில் புதுப் பதிப்பு ஓடவில்லை என்றால் அதை எழுதியவர் வேண்டுமென்றே செய்ததாக இருக்காது.

என்னைப் போலச் செயலி வெளியிடுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்கள் 1.2-இலிருந்து நேராக 3-க்குத் தாவுவார்கள், நடுவில் இருந்தவற்றைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் நாம் விட்ட ஒவ்வொரு பதிப்பின் குறிப்புக் கோப்பிலும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதுப் பதிப்பில் திறந்து பார்த்த பிறகே வெளியிட வேண்டும். மாற்றும் வேலையின் நடுவில் கணினியின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நம் ஊரில் யு.பி.எஸ். இல்லாத வீடுகளில் கரண்ட் அப்படித்தான் போகும். சி டிரைவ் நிரம்பியிருந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். டிஸ்க் மாட்டியில்லை என்றால் ‘டிஸ்க் இணைக்கப்படவில்லை’ என்று காட்டுங்கள், எதையும் நீக்காதீர்கள். டிரைவ் எழுத்து இன்று இ, நாளை எஃப் ஆகும். டிஸ்க்கின் வரிசை எண்ணை வைத்து அடையாளம் காணுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் நான் புதுப் பதிப்பு விடுவதே இல்லை. வீடு முழுக்க ஆட்கள் கூடி உட்கார்ந்து பழைய வீடியோ பார்க்கும் நேரம் அது, என்னால் உதவிக்குப் போக முடியாத நேரமும் அதுதான்.

கடைசியாக ஒன்று, இது வாங்குகிறவர்களுக்கு. எந்தச் செயலியும் ஒருநாள் நின்றுபோகலாம். நம்மில் பலர் போட்டோக்களுக்கு வைத்திருந்த பிகாசாவைக் கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்தியது. ஆகவே குறிப்புகளைச் செயலிக்கு வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பு போதும், ஒவ்வொரு வீடியோவுக்குப் பக்கத்திலும் எக்ஸ்.எம்.பி. கோப்பாகத் தந்தால் இன்னும் நல்லது, அது குறிப்புகளை எழுதி வைப்பதற்கென்றே இருக்கும், ஐ.எஸ்.ஓ. தரம் பெற்ற வடிவம், வேறு மென்பொருள்களும் படிக்கும். எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நோட்பேடிலும் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள் இருந்தால், எடுத்தபோதே தமிழ் போய்விட்டது என்று அர்த்தம். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு அன்றைக்கே உருவாக்கியவருக்கு எழுதுங்கள்.