கேம்பிட்: பலித் தொடக்கம்

செஸ் ஆட்டம் தொடங்கியதுமே ஒரு காயை, பெரும்பாலும் ஒரு சிப்பாயை, வேண்டுமென்றே எதிராளியின் வாயில் வைத்துவிட்டு, பதிலுக்கு வேகத்தையோ தாக்குதலையோ பலகையின் நடுப்பகுதியையோ பிடிக்கப் பார்ப்பது கேம்பிட்.

இத்தாலிய மொழியில் காம்பா என்றால் கால். காம்பெத்தோ என்பது காலைக் குறுக்கே விட்டு எதிராளியை இடறி விழவைப்பது. நாம் ‘காலை வாரிவிட்டான்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட தன் செஸ் நூலில் இதை ஆட்டத்துக்குப் பொருத்தினார்.

குயின்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தில் கால் வாரப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளை நீட்டிய சிப்பாயைக் கறுப்பு வெட்டுகிறது. சரி, அதோடு விட்டால் பரவாயில்லை. வெட்டிய சிப்பாயை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று பக்கத்துச் சிப்பாய்களை வரிசையாக முன்னே தள்ளினால், வெள்ளை ஓரச் சிப்பாயால் அந்த வரிசையை உடைக்கும். ஆறாவது நகர்த்தலில் வெள்ளை ராணி வெளியே வந்ததும் மூலைவிட்டம் திறந்து கிடக்கும். மூலையில் இருக்கும் கறுப்பு யானை அவள் நேர் பார்வையில். அதைக் காக்கக் குதிரையையோ மந்திரியையோ காவு கொடுக்க வேண்டியதுதான். ராணியின் பக்கம் தொடங்குவதால் இது குயின்ஸ் கேம்பிட்; ராஜாவின் பக்கம் என்றால் கிங்ஸ் கேம்பிட்.

கிங்ஸ் கேம்பிட்டுக்குப் பெயர்போன ஆட்டம் 1960இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா போட்டியில் நடந்தது. சோவியத் வீரர் ஸ்பாஸ்கி சிப்பாயைக் கொடுத்தார், 17 வயது அமெரிக்க வீரர் ஃபிஷர் எடுத்துக்கொண்டார், 29 நகர்த்தல்களில் தோற்றார். அடுத்த ஆண்டே, இந்தத் தொடக்கம் செல்லாது என்று ஃபிஷர் கட்டுரை எழுதினார். வேடிக்கை என்னவென்றால், 1963இல் தொடங்கிய அமெரிக்க சாம்பியன் போட்டியில் சக அமெரிக்க வீரர் எவன்ஸை எதிர்த்து அவரே கிங்ஸ் கேம்பிட் ஆடி ஜெயித்தார்.

தமிழில் ‘பலியாட்டம்’ என்று சொல்லலாம்தான். ஆனால் அதைக் கேட்டதும் பலியாடு, அதாவது கோயில் ஆடு, நினைவுக்கு வரும். தவிர, நடு ஆட்டத்தில் காயைக் கொடுப்பதும் பலிதான். கேம்பிட் தொடக்கத்துக்கு மட்டும் உரியது. எனவே ‘பலித் தொடக்கம்’ என் தேர்வு. எடுத்துக்கொண்டால் பலி ஏற்பு, விட்டுவிட்டால் பலி மறுப்பு, பதிலுக்குக் கறுப்பும் ஒன்றை நீட்டினால் எதிர்ப்பலி.