கடத்தலா, பெயர்ப்பா?

'ஏற்பி சமிக்ஞையை உள்ளே கடத்தி உட்கருவிடம் ஒப்படைக்கிறது.' திருத்தத்துக்காக என்னிடம் வந்த கட்டுரையில் இப்படி ஒரு வரி. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியே இருந்து வரும் சேதியைப் பற்றும் புரதம். நோயெதிர்ப்பு பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் இந்தக் கடத்தல்தான். ஏற்பி என்பது ஒரு குழாய், வெளியே இருந்த ஏதோ ஒன்று அதன் வழியாக உள்ளே போகிறது என்றுதான் மாணவர் நினைப்பார். அப்படி எதுவும் போவதில்லை.

'சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்' என்பதற்குத் தமிழில் வைத்த பெயர்தான் சமிக்ஞைக் கடத்தல். லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'டூகெரே' என்றால் நடத்திச் செல்வது. வேரை மட்டும் பார்த்தால் கடத்தல் சரி. ஆனால் பொறியியலில் இந்த ஆங்கிலச் சொல் ஒருவகை ஆற்றலை இன்னொரு வகையாக மாற்றுவதைக் குறிக்கும். ஒலியை மின் அலையாக்கும் மைக்கைப் போல. உயிரியலிலும் அதே பொருள்தான்.

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒன்றான டி செல்லை எடுத்துக்கொள்வோம். இன்னொரு செல் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் புரதத் துண்டை ஏற்பி பற்றுகிறது. துண்டு வெளியேதான் நிற்கிறது. ஏற்பியின் உள்வால் மிகக் குட்டை, அதனால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. கூடவே இருக்கும் சிடி3 என்ற புரதச் சங்கிலிகளின் வால்களில் எல்சிகே என்ற நொதி பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அங்கே சாப்-70 என்ற இன்னொரு நொதி வந்து அமர்ந்து, அடுத்த புரதங்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. அப்புறம் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அதனால் கால்சிநியூரின் என்ற நொதி முடுக்கம் பெற்று, என்ஃபேட் என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. கழன்றதும் என்ஃபேட் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. புரதத் துண்டு, பாஸ்பேட், கால்சியம், கடைசியில் பாஸ்பேட் இல்லாமை: சேதி ஒன்றுதான், வடிவம் நான்கு. இதில் கடத்தப்பட்டது எது?

செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. இந்த முனையில் இருப்பதுதான் அந்த முனையிலும். ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டை வைரஸ் இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்வதும் ஆங்கிலத்தில் டிரான்ஸ்டக்‌ஷன்தான். அதற்குக் கடத்தல் அருமையாகப் பொருந்தும், சரக்கு மாறாமல் போகிறதே! ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே வைத்து இரண்டையும் குழப்ப வேண்டுமா? அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்கிறவர்களால் வருகிற வினை இது.

சிக்னலுக்குச் சமிக்ஞை என்பதை விட்டு 'குறிகை' என்று வைத்து, நான் 'குறிகைப் பெயர்ப்பு' என்கிறேன். 'குறிகை மாற்றம்' என்பாரும் உண்டு. அது குறிகையே வேறாகிப் போனதையும் குறித்துவிடும். பொருள் நிலைக்க, வடிவம் மட்டும் மாறுவது பெயர்ப்பில்தான் தெரிகிறது. ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாவதை மொழிபெயர்ப்பு என்கிறோமே, குழம்பாதா என்று கேட்கிறார்கள். முன்னால் 'குறிகை' நிற்கும்போது எப்படிக் குழம்பும்? 'சமிக்ஞை' வடசொல் என்பது மட்டும் என் குறை இல்லை. குறி, குறிகை, குறிப்பான் என்று தமிழ்ச்சொல் கிளைக்கிறது, சமிக்ஞை கிளைப்பதில்லை.

அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'வெளியே ஏற்பி பற்றியதை, உள்ளிருக்கும் புரதங்கள் படிப்படியாக வேறு வேறு குறிகைகளாகப் பெயர்க்கின்றன.'