காக்கா கத்தலேன்னா விருந்தாளி வரக்கூடாதா?

ப்ளஸ் டூ படிக்கிற எங்க அக்கா பொண்ணு போன வாரம் போன் பண்ணினா. "மாமா, எது எப்போ உண்மை, எப்போ பொய்னு கட்டம் போட்டுக் காட்டற ட்ரூத் டேபிள்ல, 'இது எனில் அது'ங்கற வாக்கியத்தோட முதல் பாதி பொய்யா இருந்தா மொத்தமும் பொய்னுதானே வரணும், புக்ல உண்மைன்னு போட்டிருக்கு, ஏன்னு கேட்டா மனப்பாடம் பண்ணிக்கோங்கறாங்க." நானும் அப்படித்தான் மனப்பாடம் பண்ணி பாஸானேன், அதனால கொஞ்சம் கூச்சமாவே இருந்துச்சு.

சிம்பல் போடறதை வேகமா முடிச்சிடறேன். உண்மையா பொய்யான்னு சொல்ல முடியிற வாக்கியம்தான் கூற்று, "கதவைச் சாத்து", "மணி என்ன" இதெல்லாம் சேராது. "காக்கா கத்துது" இதுக்கு கா, "விருந்தாளி வர்றாங்க" இதுக்கு வி. "கத்துச்சு, ஆனா யாரும் வரல" அப்படின்னா கா ∧ ¬வி (∧ன்னா "மற்றும்", ¬ன்னா "இல்ல"). அந்த "ஆனா"வுல இருக்கிற ஏமாத்தமெல்லாம் லாஜிக்குக்குத் தெரியாது, அதுக்கு எல்லாமே "மற்றும்"தான். ரெண்டு கூற்றுன்னா டேபிள்ல நாலு வரி, மூணுன்னா எட்டு, பத்துன்னா 1,024.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பாட்டி சொல்றாங்க, காக்கா கத்தினா விருந்தாளி வருவாங்க, அதாவது கா → வி, அந்த அம்புக்குறிதான் "எனில்". இது எப்போ பொய்யாகும்? காக்கா கத்தி, பாட்டி ஒரு படி அரிசி கூடப் போட்டு, ராத்திரி வரைக்கும் ஒருத்தரும் வரலேன்னா. அந்த ஒரே ஒரு வரிதான், மேல எழுதின அதே கா ∧ ¬வி. காக்கா வாயே திறக்காத அன்னைக்கு சித்தப்பா சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்து நின்னா பாட்டி மேல என்ன தப்பு, கத்தலேன்னா வரமாட்டாங்கன்னு அவங்க எப்போ சொன்னாங்க? கத்தவும் இல்ல, வரவும் இல்லேன்னா அன்னைக்கும் பாட்டி வார்த்தை தவறல. பொய்னு மாட்டாததை உண்மைப் பக்கம் போட்டுடறாங்க, ஏன்னா டேபிள்ல "தெரியல"ன்னு ஒரு கட்டமே கிடையாது.

இது பழைய சண்டை. கிட்டத்தட்ட கி.மு. 300ல கிரேக்கத்துல ஃபிலோங்கறவர் இதே விதியைச் சொல்ல, அவரோட வாத்தியார் டியோடோரஸே ஒத்துக்கல. சண்டை முத்தி, கூரை மேல இருக்கிற காக்காகூட எந்த "எனில்" சரின்னு கத்துதேன்னு கல்லிமக்கஸ்ங்கற கவிஞர் கிண்டல் பண்ணிட்டார். அங்கயும் காக்கா! நம்ம நச்செள்ளையாருக்கு காக்கைபாடினியார்னு பேரு வந்ததும் விருந்து வரக் கத்தின காக்காவைப் பாடினதாலதான். கட்டம் போட்ட டேபிள் பரவினது 1921ல தத்துவவாதி விட்கன்ஸ்டைனும் கணித அறிஞர் எமில் போஸ்ட்டும் தனித்தனியா எழுதினதுக்கு அப்புறம்.

சரி, நம்ம மூளை இப்படி யோசிக்குதா? 1966ல பீட்டர் வேசன்ங்கற உளவியல் அறிஞர் நாலு அட்டை வச்சு ஒரு சோதனை பண்ணார். நம்ம எழுத்துல சொன்னா மேசைல அ, க, 4, 7. விதி, ஒரு பக்கம் உயிரெழுத்துன்னா பின்பக்கம் இரட்டைப்படை எண். விதி உண்மையான்னு பாக்க எதெதைத் திருப்பணும்? நிறையப் பேர் "அ, 4"ங்கறாங்க. 4க்குப் பின்னாடி எது இருந்தாலும் விதி உடையாது, உடைக்கக்கூடியது அவும் 7ம்தான். பத்துல ஒருத்தர் சரியா சொன்னாலே பெருசு. ஆனா 1982ல ஃப்ளோரிடால இதையே "பீர் குடிச்சா வயசு 19க்கு மேல இருக்கணும்"னு மாத்திக் கேட்டப்போ நாலுல மூணு பேர் கிட்ட சரியா சொல்லிட்டாங்க! ஏமாத்தறவனைப் பிடிக்கணும்னா நமக்கு லாஜிக் தானா வருதுன்னு சிலர் சொல்றாங்க. நாலு அட்டை செலவுல இவ்ளோ பெரிய விஷயம், நம்ம ஊர்ல இதுக்கு நிதி கேட்டா சிரிப்பாங்க.

ஜோசியம் ஓடறதும் விதியை உடைக்கிறதை நாம தேடாததாலதான்னு நினைக்கிறேன், காக்கா கத்தி ஆள் வந்த நாள் மட்டும் ஞாபகம் இருக்கும், கத்தியும் வராத நாளை யாரும் எழுதி வைக்கறதில்ல.

அதனால அக்கா பொண்ணுகிட்ட காக்கா கத்தினதையும் விருந்தாளி வந்ததையும் ஒரு மாசம் நோட்டு போடச் சொன்னேன். நேத்து மறுபடி போன். "மாமா, காக்கா கத்துச்சு, யாரும் வரல, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கு பாட்டி மோர் குடுத்துட்டு அவர்தான் விருந்தாளிங்கறாங்க, இப்போ நான் எந்த வரில எழுதறது?"