பழைய கன்சோலுக்கு அந்த கேம் ஏன் வருவதில்லை: போர்ட் மேசையிலிருந்து சில விளக்கங்கள்

புதிய கேம் ஒன்றின் முன்னோட்டக் காணொளி முடியும்போது, அது எந்தெந்த கன்சோல்களுக்கு வருகிறது என்பதைக் காட்டும் சின்னங்கள் கடைசி இரண்டு மூன்று நொடிகளில் வரிசையாகத் தோன்றும். தம்மிடம் இருக்கும் கருவியின் சின்னம் அந்த வரிசையில் இல்லை என்று தெரியும் கணத்தில், அந்தத் தொடரின் முந்தைய பாகங்களையெல்லாம் காசு கொடுத்து வாங்கி விளையாடி முடித்த ரசிகருக்கு வரும் கோபத்தை நான் மிகையானது என்று சொல்லமாட்டேன். ஒரு கருவிக்காக எழுதப்பட்ட கேமை வேறொரு கருவியில் ஓடும்படி மாற்றியமைக்கும் போர்ட் வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்தக் கோபம் கடிதங்களாக எங்கள் அலுவலகத்துக்கும் வந்து சேர்வதுண்டு. பெரும்பாலானவற்றில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கும்: எங்களுக்குச் சோம்பேறித்தனம், நிறுவனத்துக்குப் பேராசை. இரண்டிலும் சில நேரங்களில் உண்மை உண்டு. ஆனால் ரசிகர்கள் நியாயமாகவே கோபப்பட வேண்டிய இடம் இவை இரண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அதற்கு வருமுன், இந்த வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

“கிராபிக்ஸைக் குறைத்துக் கொடுங்கள், எங்களுக்கு அது போதும்” என்று எழுதுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். படத்தின் துல்லியம், நிழல்களின் நேர்த்தி, தூரத்தில் தெரியும் புல்லின் அடர்த்தி ஆகியவற்றையெல்லாம் உண்மையிலேயே ஒரு குமிழைத் திருகுவதுபோலக் குறைத்துவிடலாம். எங்கள் வேலையின் முதல் சில வாரங்கள் அதிலேயே கழியும். குமிழ் இல்லாத இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2013 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4-இல் 8 ஜிபி நினைவகமும், 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் எட்டு கோர் ஜாகுவார் செயலியும் இருந்தன. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறு கணினிகளை மனத்தில் வைத்து உருவான செயலிக் குடும்பம் அது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் நினைவகம் 16 ஜிபி, செயலியின் வேகம் அதிகபட்சம் 3.5 கிகாஹெர்ட்ஸ். தாளில் பார்த்தால் இரு மடங்குக்குச் சற்று மேல்தானே என்று தோன்றும். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பள்ளம் கேமின் தரவைச் சேமித்து வைக்கும் உள் டிஸ்க்கில் இருக்கிறது. பழைய கருவியின் ஹார்ட் டிஸ்க் ஒரு நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரை படித்துக் கொடுக்கும், புதியதன் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, சிப்களால் ஆன சேமிப்பகம்) ஒரு நொடிக்கு 5.5 ஜிபி கொடுக்கும்.

இந்த வேறுபாட்டை லோடிங் நேரம் குறைகிறது என்ற அளவில் மட்டும் புரிந்துகொள்வது போதாது. டிஸ்க் மெதுவானது என்றால், ஆட்டக்காரர் அடுத்த அரை நிமிடத்தில் எந்தத் தெருவுக்குள் நுழையக்கூடுமோ அந்தத் தெருக்கள் அனைத்தையும் முன்கூட்டியே நினைவகத்தில் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். டிஸ்க் வேகமானது என்றால், அவர் திரும்பும் நொடியில் தேவையானதை எடுத்துக்கொண்டால் போதும், மீதி நினைவகம் முழுவதும் கண்முன் இருக்கும் காட்சிக்கே செலவாகும். பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பை வழிநடத்திய மார்க் செர்னி 2020 மார்ச்சில் அளித்த தொழில்நுட்ப விளக்கத்தில், பழைய கருவிக்காக உருவான ஸ்பைடர்மேன் கேமில் தபால் பெட்டி போன்ற சிறு பொருள்களின் தரவு டிஸ்க்கில் ஏறத்தாழ 400 முறை நகலெடுத்து வைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டார். டிஸ்க்கின் படிமுனை அங்கும் இங்கும் ஓடித் தேடாமல் இருப்பதற்காக, நகரத்தின் ஒவ்வொரு பகுதியோடும் அதே தபால் பெட்டியைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள். முந்தைய தலைமுறை கேம்கள் பலவற்றில் ஆமை வேகத்தில் ஏறும் லிஃப்டுகளும், நாயகன் பக்கவாட்டில் நுழைந்து நெளிந்து செல்லும் பாறை இடுக்குகளும் ஏன் அவ்வளவு இருந்தன என்று வியந்தவர்களுக்கும் இதுதான் விடை. அந்த இடுக்கைக் கடக்கும் நேரத்தில் அடுத்த பகுதி டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

நான் பங்கெடுத்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பரந்த நகரம், அதில் வேகமான வாகனங்கள். கேம் புதிய கன்சோல்களுக்காகவே திட்டமிடப்பட்டது, பழையவற்றுக்கும் கொடுக்கலாம் என்ற யோசனை பாதி வழியில் வந்தது. துல்லியத்தைக் குறைத்தோம், தெருவில் நடப்பவர்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்காக்கினோம், கட்டடங்களின் உள்பகுதிகளை மூடினோம். அதன் பிறகும், வாகனத்தை முழு வேகத்தில் ஓட்டினால் சாலை வந்து சேர்வதற்கு முன்பே வண்டி வந்து சேர்ந்துவிடும். ஆட்டக்காரர் ஒரு சாம்பல் நிற வெளிக்குள் பாய்ந்து விழுவார். வாகனத்தின் வேகத்தைக் குறைக்கலாம் என்றோம். அப்படிச் செய்தால் நகரத்தின் தூரங்கள், துரத்தல் பணிகளின் நேர அளவு, எதிரிகளின் நடத்தை எல்லாமே மாற வேண்டும் என்று வடிவமைப்புக் குழு மறுத்தது. அவர்கள் மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மூன்று மாத வேலைக்குப் பிறகு போர்ட் கைவிடப்பட்டது. நான் சரியென்று நினைக்காதது அதற்கடுத்து நடந்ததைத்தான்: அந்த முடிவு எங்களுக்குத் தெரிந்த நாளுக்கும் வெளியே அறிவிக்கப்பட்ட நாளுக்கும் இடையில் நான்கு மாதங்கள் ஓடின. அந்த நான்கு மாதங்களும் பழைய கன்சோல்களுக்கான முன்பதிவுப் பக்கம் திறந்தே இருந்தது. பணம் பின்னர் திருப்பித் தரப்பட்டது என்றாலும், வராது என்று தெரிந்த பொருளுக்கு ஆட்களைக் காத்திருக்க வைத்ததற்கு அது ஈடாகாது.

ரசிகர்களின் கோபத்துக்கு உரிய இடம் என்று நான் சொல்ல வந்தது இதைத்தான். வராமல் போவதைவிட, வராது என்பதைத் தாமதமாகச் சொல்வதும், வந்ததாகப் பெயர் பண்ணிக் குறையுடன் விற்பதும் பெரிய தவறுகள். இரண்டாவதற்கு வரலாறு நீளமானது. 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமின் பெரும் சிறப்பே எதிரித் தலைவர்கள் ஆட்டக்காரரை நினைவில் வைத்துப் பழிவாங்கும் அமைப்புதான். அப்போது பழைய தலைமுறையாகிவிட்ட பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகளில் அந்த அமைப்பு வெகுவாகச் சுருக்கப்பட்டிருந்தது. மொத்தமே 512 எம்பி நினைவகம் உள்ள கருவிகளில் வேறு வழியும் இருந்திருக்காது. 2015-இல் கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 3 அதே பழைய கன்சோல்களுக்கு வந்தபோது, கதைப்பகுதி முழுவதுமே அதில் இல்லை. எல்லோரும் அறிந்த உதாரணம் 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்த சைபர்பங்க் 2077. பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது ஓடிய விதத்தால் எழுந்த புகார்கள், வெளியான ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தரும் அளவுக்குப் போயின. 2021 ஜூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. அந்தக் கன்சோல்களுக்கு அது வராமலேயே இருந்திருந்தால் கூச்சல் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

எல்லாப் புறக்கணிப்பும் தொழில்நுட்பத்தால் நேர்வது என்று சொல்லி எங்கள் துறையைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கில்லை. 2023 மார்ச்சில் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 மறுஆக்கம் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது, அதே தலைமுறையைச் சேர்ந்த, அதே வகைச் செயலி கொண்ட எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வரவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்குக்கும் பங்கு இருக்கும். ஒவ்வொரு கூடுதல் கருவிக்கும் தனியே சோதனை செய்ய வேண்டும், கன்சோல் நிறுவனத்தின் ஒப்புதல் பரிசோதனையில் தேற வேண்டும், பிறகு வரும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இவ்வளவையும் திரும்பச் செய்ய வேண்டும். கணக்கு ஒத்துவந்தால் எதிர்த்திசையிலும் அதிசயங்கள் நடக்கும்: 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-க்கு, 2013-இல் ஃபிஃபா 14 வெளியிடப்பட்டது.

கடந்த சில ஆண்டுகளில் ஏமாற்ற உணர்வு கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 முதல் 2022 வரை சிப் தட்டுப்பாட்டால் புதிய கன்சோல்கள் கையில் கிடைப்பதே அரிதாக இருந்தது. அந்தக் காலத்தில் ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக் போன்ற பெரிய கேம்கள் இரண்டு தலைமுறைகளுக்கும் சேர்த்தே வந்தன. அதனால் பழைய கருவிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்ற நம்பிக்கை இயல்பாகவே வளர்ந்தது. பிறகு கதவு மூடிய விதம் கடுமையாக இருந்தது. காதம் நைட்ஸ் 2022 அக்டோபரில் வரவேண்டியது. பழைய கன்சோல் பதிப்புகள் கிடையாது என்று அதே ஆண்டு மே மாதம் அறிவித்தார்கள். அதைவிட வருத்தமானது, மூலக் கேமைப் பழைய கன்சோலில் வாங்கியவர்களுக்கு அதன் விரிவாக்கம் கிடைக்காமல் போவது. ஹொரைசனின் பர்னிங் ஷோர்ஸ் 2023 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் வந்தது. சைபர்பங்கின் ஃபேன்டம் லிபர்ட்டி 2023 செப்டம்பரில் வந்தபோதும் பழைய கன்சோல்கள் விடப்பட்டன. கதையின் முக்கால் பகுதியை விற்றுவிட்டு, மீதியைப் படிக்க வேறு மேசை வாங்கு என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இனி, பணம் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை. ஒரு கேமைப் பழைய கன்சோலுக்கு வாங்க நினைத்தால், அதே கன்சோலில் பதிவுசெய்த ஆட்டக் காட்சி எங்கேனும் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் கணினியிலோ புதிய கன்சோலிலோ எடுத்த காட்சிகளை மட்டுமே காட்டுகிறார்கள் என்றால், உள்ளே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. டிஜிட்டல் பதிப்பு தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. எனவே பழைய கன்சோலுக்கு முன்பதிவு செய்வதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. வெளிவந்து நான்கைந்து நாள் ஆன பிறகு வாங்குங்கள். ‘லெகசி எடிஷன்’ என்ற சொல் பெட்டியில் இருந்தால், அது பெரும்பாலும் கால்பந்து போன்ற விளையாட்டுத் தொடரின் சென்ற ஆண்டு கேமில் அணிகளையும் சீருடைகளையும் மட்டும் புதுப்பித்தது என்று பொருள். தாமதமாக வரும் போர்ட்டைக் கண்டு மட்டும் சலித்துக்கொள்ள வேண்டாம். ஹாக்வார்ட்ஸ் லெகசி 2023 பிப்ரவரியில் புதிய கன்சோல்களுக்கும், மே மாதம் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும், நவம்பரில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கும் வந்தது. அந்த இடைவெளி எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து வேலை செய்த காலம்.

பின்னால் புதிய கன்சோலுக்கு மாறும் எண்ணம் இருப்பவர்கள் கேம்களை டிஸ்க்காக வாங்குவதா, டிஜிட்டலாக வாங்குவதா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். டிஸ்க் டிரைவ் இல்லாத கருவியை வாங்கினால், அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்குகளால் பயனில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிரைவே கிடையாது. ஆட்டம் எதுவரை போயிருக்கிறது என்பதைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகள் புதிய பதிப்புக்கு வந்து சேருமா என்பது கேமுக்கு கேம் மாறும். நூறு மணி நேர ஆட்டத்தை அடுத்த கருவியில் தொடரலாம் என்று நம்பித் தொடங்குவதற்கு முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆன்லைன் கேம் என்றால், அதன் பழைய கன்சோல் சேவைக்கு முடிவு தேதி ஒன்று நிச்சயம் வரும். ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு பிளேஸ்டேஷன் 3 ஆதரவு 2017 ஜூனில் நின்றது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளில் ஜிடிஏ ஆன்லைன் 2021 டிசம்பர் 16 அன்று மூடப்பட்டது. ஸ்டோர்களும் அப்படித்தான்: நின்டெண்டோவின் பழைய கருவிகளான வீ யூ, 3டிஎஸ் ஸ்டோர்களில் 2023 மார்ச் 27-ஆம் தேதியோடும், எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரில் 2024 ஜூலை 29-ஆம் தேதியோடும் வாங்கும் வசதி முடிந்தது. பழைய கருவியை வைத்துக்கொள்ள விரும்புபவர், ஏற்கெனவே வாங்கியவற்றையும் அவற்றின் அப்டேட்டுகளையும் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

புகார் எழுதுவதானால், வெளியீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஆர்டர் எண்ணோடு, விளம்பரத்தில் சொல்லப்பட்டது எது, கையில் கிடைத்தது எது என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அதற்குத்தான் பதில் வரும். நிரலாளர்களின் தனிப்பட்ட கணக்குகளைத் தேடிப்பிடித்து வசைபாடுவதால் ஒன்றும் ஆகாது. என்னுடன் பணிபுரிந்த ஒருவருக்கு, அவர் எடுக்காத ஒரு முடிவுக்காகக் கொலை மிரட்டல் வந்தது. அவர் இந்த வேலையையே விட்டுவிட்டார்.

இப்போது அதே கேள்வி ஸ்விட்ச் வைத்திருப்பவர்களிடம் வந்து நிற்கிறது. 4 ஜிபி நினைவகம் கொண்ட ஸ்விட்ச் 2017-இல் வந்தது. 12 ஜிபி கொண்ட ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியானது. மெட்ராய்டு பிரைம் 4 இரண்டு கருவிகளுக்கும் கிடைத்தது. மாரியோ கார்ட் வேர்ல்ட் புதியதற்கு மட்டும்தான். அந்தக் குழுவினர் தாங்களே கூறியிருப்பதன்படி, அது முதலில் பழைய ஸ்விட்சுக்காகவே தொடங்கப்பட்ட வேலை. ஒன்றோடொன்று இணைந்த பெரிய உலகம், 12-க்குப் பதில் 24 பந்தயக்காரர்கள் என்று சேர்த்துக்கொண்டே போனபோது பழைய கருவி தாங்கவில்லை. எதையாவது கைவிட வேண்டிய நிலையில், அவர்கள் கருவியைக் கைவிட்டார்கள். அந்த முடிவு எடுக்கப்பட்டபோது கேமைப் பற்றி வெளியே ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. முன்பதிவுப் பக்கமும் திறக்கப்படவில்லை.