புது வீட்டுக்கு இணைய இணைப்பா? கட்டணம் கட்டும் முன் சுவரைப் பாருங்கள்

வீடுகளுக்கு ஃபைபர் லைன் இழுத்துக் கொடுப்பது என் வேலை. புது வீடு என்றால் பில்லை நீட்டும்போதே தெரிந்துவிடும், "மாசக் கட்டணம் தெரியும், இந்த இணைப்புக் கட்டணம் என்ன தனியா?" என்று கேட்கப் போகிறார்கள் என்று. நியாயமான கேள்விதான்.

பழைய வீட்டில் முன்பு குடியிருந்தவர் போட்ட லைன் பெரும்பாலும் இருக்கும், மோடம் பெட்டியை மாட்டினால் வேலை முடிந்தது. புது வீட்டில் தெருவிலிருந்து வாசல் வரை ஒன்று, வாசலிலிருந்து மோடம் வைக்கும் இடம் வரை இன்னொன்று என இரண்டு துண்டும் புதிதாகப் போட வேண்டும். தெருவில் ஒரே ஃபைபரை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது சாதாரணம், அந்த 32-ம் நிரம்பியிருந்தால் பிரித்துக் கொடுக்கும் கருவி இன்னொன்று வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"இணைப்புக் கட்டணம்" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள். தோண்டுவதற்கு எவ்வளவு, கேபிளுக்கு எவ்வளவு, பெட்டிக்கு வாங்குவது விலையா, வாடகையா, திரும்பி வரும் முன்பணமா? "இலவச இன்ஸ்டலேஷன்" என்றால் பல சமயம் மாட்டும் கூலி மட்டும்தான் இலவசம், அதற்கும் இத்தனை மாதம் விலகக் கூடாது என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். அப்புறம், பல வீடுகளைச் சேர்த்துக் கட்டி விற்ற இடமாக இருந்தால் தெரு வேலைக்கான பணத்தை பில்டர் ஏற்கனவே கட்டி, அதை வீட்டு விலையிலும் சேர்த்திருக்கலாம். கேட்காவிட்டால் அதையே நீங்கள் இரண்டாவது முறை கட்டுவீர்கள்.

ஆனால் நான் பார்த்த வரையில் காசு அதிகம் கரைவது பில்லில் இல்லை, சுவரில்தான். ஒரு வீட்டில் பெயின்ட் வரை எல்லாம் முடிந்திருந்தது, இணையத்துக்கென்று ஒரு பைப் கூட இல்லை, கரன்ட் பைப்பில் விடலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். கூடாது. அதில் ஏற்கனவே ஒயர் நெருக்கியடித்துக் கிடக்கிறது, பாதுகாப்பும் இல்லை. கடைசியில் சுவரை வெட்டி, பூசி, மறுபடி பெயின்ட் அடித்த செலவு எங்கள் பில்லைத் தாண்டிவிட்டது. அன்று நான்தான் திட்டு வாங்கினேன், சரி, அது வேறு கதை.

பூச்சுக்கு முன்பே வெளிச்சுவரிலிருந்து மோடம் இடம் வரை 25 மில்லிமீட்டர் காலி பைப் ஒன்று போட்டு, உள்ளே இழுக்க ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். திருப்பங்களில் செங்கோண எல்போ வேண்டாம், வளைந்து போகும் பெண்ட் போடச் சொல்லுங்கள். ஃபைபருக்குள் ஒளி போகும் பாதை 9 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை, அதிகம் வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். பழைய வகை ஃபைபருக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான வளைவு ஆகாது, வீட்டுக்குள் போடும் புது வகைகள் 10, 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும் என்றாலும் எல்போவில் சிக்கினால் இழுக்கவே முடியாது.

விண்ணப்பத்தையும் குடிபோகும் வாரம் வரை தள்ளாதீர்கள். புதுக் கதவு எண் நிறுவனத்தின் பட்டியலில் ஏறியிருக்காது, "உங்கள் முகவரியில் சேவை இல்லை" என்று வரும். பக்கத்து வீட்டில் லைன் இருக்கும்போதே இப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்யச் சில நாள் பிடிக்கும்.

பூசுவதற்கு முன் பைப் போகும் பாதையை, பக்கத்தில் அளக்கும் டேப்பை விரித்து வைத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் அந்தப் படத்தைக் காட்டினார்கள், அரை மணி நேரத்தில் லைன் உள்ளே போய்விட்டது.