டைம் அவுட் என்றால் கீறல்முன் நிறுத்தம்

அறுவை அரங்கில் நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, பச்சைத் துணி போர்த்தியாகிவிட்டது. கத்தி தோலில் படுவதற்குச் சற்று முன், அறையில் இருக்கும் அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டு, ஆள் சரியா, செய்யப்போவது சரியா, இடம் சரியா என்று வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்வதன் பெயர் டைம் அவுட். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. தியேட்டருக்குள் அனைவரும் டைம் அவுட் என்றே சொல்கிறார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. ஒப்புதல் படிவம், செவிலியர் பாடம், நோயாளிக்கான கையேடு என்று தமிழில் எழுத உட்காரும்போதுதான் சொல் சிக்கலாகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு ‘நேரம் முடிந்தது’ என்று தரும். அகராதியைப் பார்த்து எழுதுபவர் ‘இடைவேளை’ என்றோ ‘ஓய்வு நேரம்’ என்றோ எழுதிவிடுவார். மூன்றுமே பொருளைக் கெடுப்பவை.

சொல் ஆடுகளத்திலிருந்து வந்தது. கபடியில் ஒவ்வொரு அணிக்கும் பாதிக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 விநாடி. ஓர் அணி கேட்டு வாங்கும். தண்ணீர் குடிக்கும், உத்தியை மாற்றும். ஆட்டக் கடிகாரத்தின் ஓட்டத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட நேரம் என்பதே ‘அவுட்’டின் பொருள். கணினித் துறையில் அதே சொல் காத்திருக்கும் கெடு தீர்ந்துபோவதைக் குறிக்கப் போனது. ‘நேரம் முடிந்தது’ என்ற மொழிபெயர்ப்பு அங்கிருந்துதான் வந்து ஒட்டிக்கொள்கிறது. அறுவை அரங்கில் யாருக்கும் கெடு முடியவில்லை, யாரும் ஓய்வெடுப்பதும் இல்லை. ஒருவர் கேட்டு வாங்குவதும் இல்லை. எல்லா அறுவைக்கும் கட்டாயம். ஆடுகளத்திலிருந்து அரங்குக்கு வந்தது ஒன்றே ஒன்று: ஓடிக்கொண்டிருப்பது முழுதாக நிற்க வேண்டும் என்பது.

எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1994இல் கனடாவின் எலும்பு மருத்துவர் சங்கம், அறுவை செய்பவர் தன் பெயரின் முதலெழுத்துகளை அறுவை இடத்தில் எழுதி, அந்த எழுத்துகளின் ஊடாகவே கீற வேண்டும் என்றது. 1995 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் டாம்பாவில் ஒரு நீரிழிவு நோயாளியின் தவறான கால் வெட்டப்பட்டது. அரங்கின் அட்டவணையிலேயே கால் மாறிப் பதிவாகியிருந்தது. அறுவை மருத்துவர் உள்ளே வந்தபோது அந்தக் கால்தான் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. இதை ஒருவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது பெரிய பிழை. முந்தைய கட்டத்தில் விழுந்த தவறை அடுத்த கட்டம் உண்மை என்று எடுத்துக்கொண்டது. யாராவது ஓரிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி, மூல ஆவணத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

2000 ஜனவரியில் வேல்ஸில் ஒரு நோயாளியின் நோயுற்ற வலது சிறுநீரகத்துக்குப் பதில் நன்றாக இருந்த இடது சிறுநீரகம் எடுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார். அருகில் நின்ற மருத்துவ மாணவி எச்சரித்தும் அது ஏற்கப்படவில்லை என்று பின்னர் வெளியானது. அறையில் ஒருவருக்குத் தெரிந்திருந்தும் அந்தக் குரலுக்கு இடமில்லை. டைம் அவுட்டில் எல்லோரும் பங்கேற்க வேண்டும் என்ற விதியின் அடிப்படை இந்த இடம்தான். மூத்தவர் பேசச் சொன்னால்தான் இளையவர் பேசலாம் என்ற பழக்கத்தை ஒரு நிமிடத்துக்காவது விலக்கி வைக்கிறது அந்த விதி.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2003இல் ஒரு பொது நெறிமுறையை ஏற்றது. 2004 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டிய சரிபார்ப்பு, இடத்தைக் குறியிடுதல், டைம் அவுட் என மூன்று படிகள். 2008 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டபோது, மயக்கத்துக்கு முன் சைன் இன், கீறலுக்கு முன் டைம் அவுட், அரங்கை விட்டு வெளியேறுமுன் சைன் அவுட் என்ற மூன்று கட்டங்களில் நடுவில் இந்தச் சொல் அமர்ந்து உலகெங்கும் பரவியது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் நடந்த சோதனையில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் குறைந்தன. இந்தியாவில் மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச்சான்று வாரியமும், ஆளோ இடமோ அறுவையோ மாறாமல் தடுக்கும் எழுத்துபூர்வமான நடைமுறையைக் கேட்கிறது.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மானியர் சொல்லை அப்படியே எடுத்து முன்னால் ‘டீம்’ சேர்த்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் ‘அறுவை நிறுத்தம்’ என்ற பொருளில் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘கீறலுக்கு முந்தைய நிறுத்த நேரம்’ என்று எழுதி, எதை, எப்போது என்ற இரண்டையும் சொல்லிவிட்டார்கள். தமிழுக்கும் அந்த வழிதான் பொருந்துகிறது: கீறல்முன் நிறுத்தம். ‘சரிபார்ப்பு’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் மூலையில் நின்று படிவத்தில் டிக் அடிப்பதும் சரிபார்ப்புதான். ‘நிறுத்தம்’ என்று எழுதினால் கை நின்றதா என்று கேட்க முடியும். அறுவை சிகிச்சை என்று வழங்கும் தமிழ்நாட்டுக்கும், சத்திரசிகிச்சை என்று வழங்கும் இலங்கைக்கும் ‘கீறல்’ பொதுவாக நிற்கும். கீறல் போடாத எண்டோஸ்கோப்பி போன்றவற்றுக்குச் ‘செய்முறைக்கு முந்தைய நிறுத்தம்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

இந்த நிறுத்தம் தடுக்க வேண்டிய தவறுக்கும் நல்ல தமிழ் வேண்டும். ‘தவறான இட அறுவை சிகிச்சை’ என்பது படிக்கும்போதே இடறுகிறது. பஸ் மாறிப்போச்சு, ஆள் மாறிப்போச்சு என்று சொல்கிற நமக்கு ‘இடம் மாறிய அறுவை’ இயல்பாக வரும். அதிலேயே வகை பிரிக்கவும் முடியும்: பக்கம் மாறியது, ஆள் மாறியது, அறுவையே மாறியது, முதுகெலும்பில் மட்டம் மாறியது. 2024 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு சிறுமிக்குக் கையின் ஆறாவது விரலை எடுப்பதற்குப் பதில் நாக்கில் அறுவை நடந்ததே, அது அறுவையே மாறிய வகை. இடம் என்ற சொல்லைப் பக்கம் என்று மட்டும் புரிந்துகொண்டால் இந்த வகைகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இனி நடைமுறை. ஆளை உறுதி செய்வது நோயாளி விழித்திருக்கும்போதே தொடங்க வேண்டும். அது சைன் இன் கட்டம். “லட்சுமிதானேம்மா? வலது பக்கம்தானே?” என்று கேட்டால், பயத்தில் இருப்பவர், காது மந்தமானவர், முன்மருந்தில் சொக்கிப்போனவர் எல்லோரும் “ஆமாங்க” என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய விதம் இது: “உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர்? இன்னைக்கு உங்களுக்கு என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்? கையால தொட்டுக் காட்டுங்க.” விடை நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். அந்த விடையை மணிக்கட்டுப் பட்டையோடும் ஒப்புதல் படிவத்தோடும் ஒப்பிட வேண்டும். நம் பெயர்முறையில் ஒரு கண்ணி உண்டு. கந்தசாமி மகள் லட்சுமியும் குப்புசாமி மகள் லட்சுமியும் தமிழில் க. லட்சுமி, கு. லட்சுமி, ஆங்கிலப் படிவத்தில் இருவருக்கும் முன்னெழுத்து ‘கே’ தான். ஆகவே பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண்ணும் சேர வேண்டும். கட்டில் எண் அடையாளம் ஆகாது, கட்டில் மாறும்.

பக்கத்தைச் சொல்ல நம் மக்கள் ‘சோத்தாங்கைப் பக்கம்’, ‘பீச்சாங்கைப் பக்கம்’ என்றும் சொல்வார்கள். வெட்கப்பட வைக்காமல் ஏற்றுக்கொண்டு, படிவத்தில் ‘வலது’, ‘இடது’ என்று முழுச்சொல்லாக எழுதுங்கள். ‘ஆர்’, ‘எல்’ என்ற ஒற்றை எழுத்துகள் அவசரக் கையெழுத்தில் தடுமாறும். விரல்களுக்கு எண் வேண்டாம். ‘மூன்றாவது விரல்’ என்றால் கட்டைவிரலைச் சேர்த்து எண்ணுபவருக்கு நடுவிரல், சேர்க்காதவருக்கு மோதிரவிரல். ஐந்து விரலுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் இருக்கும்போது எண்ணுக்கு என்ன தேவை? பல்லில் இன்னும் மோசம். நாம் பயன்படுத்தும் இரட்டை இலக்க முறையில் 14 என்பது மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் அதே 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். எந்த எண்முறை என்று எழுதாத கடிதத்தை நம்பிப் பல்லைப் பிடுங்கக் கூடாது.

குறியிடுவது அறுவை செய்யப்போகிறவரின் வேலை. வார்டு உதவியாளரிடம் விடக் கூடாது. அழியாத மையால், கீறல் விழும் இடத்துக்கு அருகில், துணி போர்த்திய பிறகும் சதுரத் திறப்புக்குள் தெரியும்படி இட வேண்டும். பெருக்கல் குறி கூடவே கூடாது: ஒருவருக்கு ‘இங்கே’, இன்னொருவருக்கு ‘இங்கே வேண்டாம்’. மறுபக்கத்தில் ‘இது அல்ல’ என்று எழுதுவதும் குழப்பத்தையே தரும். சாதாரணப் பேனா மை நிற்காது. சில மார்க்கர்களும் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியில் கரையும். மை காயும்வரை நோயாளி காலை மடக்காமல் இருக்க வேண்டும், கால்மேல் கால் போட்டால் குறி அடுத்த காலிலும் பதிந்துவிடும். கண்ணுக்குப் புருவத்துக்கு மேல் குறியிடுவார்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட கண்தான் சரியான கண் என்று நம்பிவிடக் கூடாது. சொட்டு மருந்தே மாறி விழுந்திருக்கலாம். முதுகெலும்பில் தோல்மேல் இடும் குறி பக்கத்தைத்தான் சொல்லும். எத்தனையாவது எலும்பு என்பதை மேசையிலேயே ஊசியோ உலோகக் குறியோ வைத்து எக்ஸ்ரே எடுத்து எண்ணித்தான் அறிய முடியும். இடுப்பு முள்ளெலும்பு ஐந்துக்குப் பதில் நான்கோ ஆறோ இருப்பவர்கள் உண்டு. குறைமாதக் குழந்தையின் தோலில் மை நிலையாகத் தங்கிவிடக்கூடும் என்பதால் அங்கே குறியிடுவதில்லை.

கருவி எடுத்துத் தராமல் அரங்கில் சுற்றிவந்து உதவும் செவிலியர் இந்த நிறுத்தத்தைத் தொடங்கி வைப்பதே நல்லது. “எல்லாரும் நிறுத்துங்க, டைம் அவுட்.” பாட்டு நிற்கிறது. மயக்க மருத்துவர் திரும்பிப் பார்க்கிறார். அறுவை மருத்துவர் நோயாளியின் பெயர், அறுவை, பக்கம் மூன்றையும் தன் வாயால் சொல்கிறார். செவிலியர் ஒப்புதல் படிவத்தைப் பார்த்தும் மயக்க மருத்துவர் தன் குறிப்பைப் பார்த்தும் ஒத்துப்போகிறதா என்று சொல்கிறார்கள். குறி தெரிகிறதா என்று உதவி மருத்துவர் விரலால் காட்டுகிறார். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ இவருடையதுதானா, இடவலம் திருப்பி மாட்டப்படவில்லையா என்று பார்க்கிறார்கள். ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடங்களுக்குள் போயிருக்கிறதா என்பதும் இங்கேதான் கேட்கப்படும். இதெல்லாம் முடியும்வரை கத்தி கைமாறக் கூடாது. சில அரங்குகளில் கத்தியின் மேல் ஒரு துணியைப் போட்டு வைப்பார்கள், நிறுத்தம் முடிந்தால்தான் துணி விலகும். நாம் கண்ட வழிகளில் இதுவே எளிது, இதற்குச் செலவும் இல்லை.

எங்கே உடைகிறது? நரம்பு மரப்பு ஊசி பல இடங்களில் கீறல்முன் நிறுத்தத்துக்கு வெகு முன்பே போடப்படுகிறது. ஊசி பக்கம் மாறிப் போயிருந்தால் அந்தக் கை மரத்துக் கிடக்கும். பிறகு வருபவர் மரத்த கையைத்தான் துடைப்பார். இரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையும் அப்படியே. ஊசிக்கு முன் தனியாக ஒரு நிறுத்தம் வேண்டும் என்று பிரிட்டனில் ஓர் இயக்கமே நடத்தினார்கள். இங்கும் அது வேண்டும். நோயாளியைக் குப்புறக் கிடத்தினால் நிற்பவருக்கு இடவலம் மாறும், ஆகவே கிடத்திய பிறகே நிறுத்தம். இரண்டு குழுக்கள் இரண்டு அறுவை செய்தால் இரண்டாவதற்கும் தனி நிறுத்தம். அன்றைய அறுவைகளின் வரிசை காலையில் மாறினால் சுவரில் உள்ள பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள். இரண்டு தாள் தொங்கினால் ஒன்று பொய்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உடைப்பு, ஓடிக்கொண்டே நடத்தும் நிறுத்தம். செவிலியர் சுவரைப் பார்த்துப் படிப்பார், மருத்துவர் துணியைச் சரிசெய்தபடி “ம்ம்” என்பார், படிவம் மதியமே முழுக்க நிரம்பியிருக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் சரிபார்ப்புப் பட்டியலைக் கடைப்பிடிக்கத் தொடங்கியதற்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கு 2014இல் வெளிவந்தது; இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. பட்டியல் வீண் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. கட்டாயத்தால் தாள் நிரம்பும், கை நிற்க வேண்டுமானால் பயிற்சியும் மூத்தவரின் முன்மாதிரியும் வேண்டும் என்றே நாம் படிக்கிறோம்.

ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டால் பேச்சுக்கே இடமில்லை: கீறல் கிடையாது. குறி தெரியவில்லை என்றால் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். படிவமும் ஸ்கேனும் முரண்பட்டால் பழைய வெளிநோயாளிக் குறிப்பு, மூலப் படம், வெளியே காத்திருக்கும் உறவினர் என்று மூலம் வரை போக வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் நோயாளியை மயக்கத்திலிருந்து எழுப்பிவிடுவதுதான் வழி. ஒரு மயக்க மருந்தின் ஆபத்து, நல்ல சிறுநீரகத்தை எடுப்பதன் ஆபத்துக்கு ஈடாகாது.

மற்ற இரண்டு சொற்களுக்கும் இதே ஒழுங்கில் தமிழ் எழுதலாம். சைன் இன் என்பது மயக்கமுன் சரிபார்ப்பு. சைன் அவுட் என்பது வெளியேறுமுன் சரிபார்ப்பு: செய்த அறுவையின் பெயர், பஞ்சு, துணி, ஊசி, கருவிகளின் எண்ணிக்கை, எடுத்த திசுவின் குப்பியில் நோயாளியின் பெயரும் பக்கமும். அந்தக் குப்பியில் பக்கம் மாறி எழுதினால் அடுத்த அறுவை இடம் மாறும்.